வீட்டு வாசலில் ஆர்.வி. நிறுத்தும் முன்: கலிஃபோர்னியா நகர விதிகளுக்கு முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியோடு வரும் பயண வண்டி) வாங்குகிறவர்களும் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கிறவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டியை முதலில் கொண்டுவந்து தெருவில் நிறுத்திவிடுகிறார்கள். டிக்கெட் (அபராதச் சீட்டு) வந்த பிறகு விதியைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை வராது. மோட்டார் ஹோம், கேம்பர் வேன், இழுத்துச் செல்லும் டிரெய்லர், படகு டிரெய்லர் எல்லாவற்றுக்கும் கீழே உள்ள படிகள் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநிலம் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. மாநில வாகனச் சட்டத்தின் 22507, 22507.5 ஆகிய பிரிவுகள் தெருவில் வாகனம் நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உள்ளூர் நிர்வாகங்களிடம் கொடுத்திருக்கின்றன. ஒவ்வொரு நகரமும் தன் வசதிக்கேற்ப விதி எழுதிக்கொள்கிறது. அடுத்த ஊரில் இருக்கும் நண்பர் "நான் பல வருடமாக நிறுத்துகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது உங்கள் தெருவுக்குச் செல்லாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: நீளமான அளவு நாடா, வாகனப் பதிவுச் சான்று, குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதிப் புத்தகம், படம் எடுக்கக் கைபேசி. வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் தெரு யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

அஞ்சல் முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயரை நம்பி இதை முடிவு செய்யக் கூடாது. நகராட்சி எல்லைக்குள் வராத பகுதிகள் கலிஃபோர்னியாவில் ஏராளம். ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் என்ற பெயரைக் கேட்டால் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரின் ஒரு பகுதி என்றே தோன்றும். அது மாநகரில் சேராது. அங்கே கவுன்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தின் விதிதான் செல்லும். அலமீடா கவுன்டியில் உள்ள காஸ்ட்ரோ வேலியும் அப்படித்தான். சான் ஹோசே என்று முகவரி எழுதும் சில தெருக்களும் கவுன்டியின் கீழ் வருகின்றன.

கவுன்டியின் இணையதளத்தில் சொத்து விவரம் தேடும் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்த நிர்வாகம் என்று தெரிந்துவிடும். இந்தப் படியைத் தாண்டிச் சென்றவர்கள் மணிக்கணக்கில் வேறு ஊரின் விதியைப் படித்துக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. வண்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

விதியைப் படிப்பதற்கு முன் அளப்பது நல்லது. விதிகள் எல்லாம் எண்களில் பேசுகின்றன. உங்கள் வண்டியின் எண் தெரியாமல் படித்தால் ஒவ்வொரு வரியும் "இது நமக்குப் பொருந்துமா?" என்ற சந்தேகத்திலேயே நிற்கும்.

விற்பனைத் தாளில் உள்ள நீளத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். மாடல் பெயரில் 22 என்று இருப்பதால் வண்டி 22 அடி என்று அர்த்தமில்லை. டிரெய்லர்களில் அந்த எண் பல நேரங்களில் உள்ளறையின் நீளத்தை ஒட்டியே இருக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்புக் கம்பி அதில் சேராது. அது மட்டுமே மூன்று, நான்கு அடி வரும். பின்னால் தொங்கும் சைக்கிள் தாங்கி, ஏணி, உதிரி டயர் எல்லாவற்றையும் சேர்த்து, முன் முனையிலிருந்து பின் முனை வரை அளந்துகொள்ளுங்கள்.

உயரத்தை அளக்கும்போது கூரையின் மேல் இருக்கும் ஏ.சி. பெட்டியை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் ஏணியில் ஏறி, நீளமான நேர்க்கம்பு ஒன்றை ஏ.சி. பெட்டியின் உச்சியில் கிடைமட்டமாக, முனை வண்டிக்கு வெளியே நீட்டியிருக்கும்படி வைத்துப் பிடிக்கட்டும். கீழே நிற்பவர் அந்த முனையிலிருந்து தரை வரை நாடாவைத் தொங்கவிட்டால் சரியான உயரம் கிடைக்கும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவான டிரைவ்வேயில் (தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் வண்டிப் பாதை) அளந்தால் சில அங்குலம் பிசகும்.

பல நகர விதிகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் இரண்டு: 22 அடி நீளம், 7 அடி உயரம். அங்குலத்தில் 264, 84. உயரக் கூரை கொண்ட கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் "என் வண்டி சின்னது, கார் நிற்கும் இடத்திலேயே நிற்கும்" என்று நிம்மதியாக இருப்பார்கள். நீளத்தில் அது தப்பிவிடும். ஆனால் அத்தகைய வேன்களின் உயரம் 9 அடியைத் தொடும். 7 அடி விதியில் நேராகச் சிக்கும்.

டிரெய்லரை அதை இழுக்கும் இழுவண்டியோடு சேர்த்து நிறுத்தினால் இரண்டும் சேர்ந்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நகரங்கள் அந்த மொத்த நீளத்தையே கணக்கில் எடுக்கின்றன.

3. நகரச் சட்டத்தில் இரண்டு அத்தியாயங்களைப் படியுங்கள்

நகரச் சட்டங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நகரத்தின் பெயரோடு "முனிசிபல் கோட்" என்று தேடினால் வந்துவிடும். அதற்குள் "ஓவர்சைஸ்", "ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்", "டிரெய்லர்" ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றை மட்டும் தேடினால் மற்றவை கண்ணில் படாது. ஒரே வண்டி மூன்று பெயரிலும் மூன்று விதிகளில் வரக்கூடும்.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். வாகனப் போக்குவரத்து அத்தியாயத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது தெருவுக்கான விதி. உங்கள் சொந்த மனையில் எங்கே நிறுத்தலாம் என்பது நில உபயோக விதிகளில், அதாவது ஜோனிங் அத்தியாயத்தில் இருக்கும். தெருவில் வேண்டாம் என்று வண்டியை வீட்டு முன்புறப் புல்தரையில் ஏற்றிவிட்டு, அதற்கு நகராட்சியின் வேறொரு பிரிவிடமிருந்து நோட்டீஸ் வாங்குகிறவர்கள் உண்டு.

படிக்கும்போது "அல்லது", "மற்றும்" என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். எந்த வண்டி சிக்கும், எது தப்பும் என்பதை அவைதாம் தீர்மானிக்கின்றன. சில நகரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது புரியும்.

மவுன்டன் வியூவில் 22 அடிக்கு மேல் நீளம், அல்லது 7 அடிக்கு மேல் அகலம், அல்லது 7 அடிக்கு மேல் உயரம் இருந்தால் அது பெரிய வாகனம். ஏதாவது ஒன்று மீறினாலே போதும். 40 அடியோ அதற்குக் குறைவாகவோ அகலம் உள்ள தெருக்களில் அத்தகைய வாகனத்தை நிறுத்தக் கூடாது என்ற விதியை 2020 நவம்பரில் வாக்காளர்களே வாக்களித்து உறுதி செய்தார்கள். ஆகவே அங்கே வண்டியின் அளவோடு தெருவின் அகலமும் முக்கியம்.

சான் டியேகோவில் 27 அடி நீளத்தையும் 7 அடி உயரத்தையும் ஒருசேரத் தாண்டினால்தான் பெரிய வாகனம். அதைப் படித்துவிட்டு 24 அடி மோட்டார் ஹோம் வைத்திருப்பவர் தப்பித்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய வாகனத்தோடு ஆர்.வி.யும் டிரெய்லரும் அதே விதியில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதிகாலை 2 மணியிலிருந்து 6 மணி வரை அனுமதி இல்லாமல் நகரத் தெருக்களில் அவை நிற்கக் கூடாது. இழுவண்டியிலிருந்து கழற்றிய டிரெய்லருக்குப் பகலிலும் இடமில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் 22 அடி நீளம் அல்லது 7 அடி உயரத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கான அதிகாலைத் தடை, பலகை வைத்த தெருக்களுக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் பாசடீனாவிலோ சாதாரணக் காராக இருந்தாலும் அனுமதி இல்லாமல் அதிகாலை 2 முதல் 6 வரை தெருவில் நிற்கக் கூடாது. சான் ஃபிரான்சிஸ்கோ 2025இல் இன்னும் ஒரு படி மேலே போய், 22 அடி நீளம் அல்லது 7 அடி உயரத்தைத் தாண்டும் வாகனங்களுக்கு நகரத் தெருக்களில் 2 மணி நேர வரம்பு கொண்டுவந்தது. அந்த ஊருக்கு ஆர்.வி.யில் சுற்றுலா போகத் திட்டமிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும். இரண்டு மணி நேரத்தில் மதிய உணவு முடியும், ஊர் சுற்ற முடியாது.

அந்த 2 முதல் 6 என்ற நேரம் பல ஊர்களில் வருவது தற்செயலாக அல்ல. 22507.5 பிரிவு நகரங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரமே அதுதான். இந்த விதிகளில் பல வாகனத்திலேயே குடியிருக்கும் மக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வாடகை கொடுக்க முடியாமல் வண்டியில் வாழும் குடும்பங்களை இரவு இரவாக நகரவைப்பது எனக்கு உடன்பாடான வழி அல்ல. ஆனால் விதி அப்படி எழுதப்பட்டிருப்பதால்தான் விடுமுறைக்கு வண்டி எடுப்பவரும் தூங்கும் நேரத்தில் டிக்கெட் வாங்குகிறார்.

4. தெருவில் நடந்து பாருங்கள்

சட்டத்தைப் படித்த பிறகு பலகைகளைப் பாருங்கள். 22507 பிரிவின்படி, போதிய அறிவிப்பு தரும் பலகையோ குறியீடோ வைக்காமல் உள்ளூர்த் தடையை அமல்படுத்த முடியாது. பின்னால் டிக்கெட்டை எதிர்க்க வேண்டி வந்தால் இந்த வரிதான் உங்கள் பலம்.

ஆனால் பலகை உங்கள் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நகரம் முழுவதற்கும் பொருந்தும் தடைக்கு நகர எல்லையில், உள்ளே நுழையும் சாலைகளில் பலகை வைக்கும் ஊர்கள் உண்டு. உங்கள் தெருவின் இரு முனை வரை நடங்கள். பிறகு ஊருக்குள் நுழையும் முக்கியச் சாலைக்குக் காரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தெரு சுத்தம் செய்யும் நாளையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பலகை இல்லாமலே செல்லும் மாநில விதிகளும் உண்டு. பெரிய வண்டிக்கு அவற்றில் சில கூடுதல் சிக்கல் தருகின்றன:

பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன், வண்டிகள் வந்து சேரும் பக்கத்தில் 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. வெள்ளைக் கோடு போடாத சந்திப்புக்கும் இது பொருந்தும். 2025 முதல் இதற்கு டிக்கெட் கொடுக்கிறார்கள்.

தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடி விலகி நிற்க வேண்டும். சக்கரம் நடைபாதை விளிம்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

உங்கள் சொந்த டிரைவ்வேயின் வாயை மறித்து நிறுத்துவதும் மாநிலச் சட்டப்படி குற்றமே. சில நகரங்கள் விலக்கு கொடுக்கின்றன. உங்கள் நகரம் கொடுக்கிறதா என்று பார்க்காமல் "என் வீட்டு வாசல்தானே" என்று நிறுத்தாதீர்கள்.

சந்திப்பிலிருந்து 100 அடிக்குள் 6 அடி அல்லது அதற்கு மேல் உயரமுள்ள வாகனங்களைத் தடுக்கவும் நகரங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. மூலை வீட்டுக்காரர்கள் இதைக் குறிப்பாகத் தேட வேண்டும்.

5. 72 மணி நேரத்தைச் சலுகையாக எண்ணாதீர்கள்

"72 மணி நேரம் வரை தெருவில் விடலாம்" என்ற பேச்சு எல்லா ஊரிலும் உலவுகிறது. மாநிலச் சட்டத்தின் 22651(கே) சொல்வது வேறு. உள்ளூர் விதி அதற்கு இடம் கொடுத்தால், 72 மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து நிற்கும் வாகனத்தை இழுத்துச் செல்லலாம் என்கிறது அது. வண்டியை அகற்றும் அதிகாரத்தைத் தரும் பிரிவு இது. மூன்று நாள் நிறுத்தும் உரிமையை உங்களுக்கு எங்கேயும் தரவில்லை. அதிகாலைத் தடை உள்ள ஊரில் முதல் இரவிலேயே டிக்கெட் வரும்.

வண்டியை நான்கு அடி முன்னால் உருட்டிவிட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று சில நகரங்கள் விதியிலேயே எழுதியிருக்கின்றன; பத்தில் ஒரு மைல் என்பது அடிக்கடி காணும் அளவு. டயரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போவதும், சக்கரத்தில் காற்றடைக்கும் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்வதும் கண்காணிப்பாளர்களின் பழைய வழி. சான் டியேகோ டயரில் கோடு போடுவதை எதிர்த்த வழக்கில், 2022இல் கூட்டாட்சி அமைப்பின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

6. சொந்த மனையில் நிறுத்துவதானால்

டிரைவ்வே நல்ல தீர்வு, அதன் நீளம் போதுமானால். வண்டியின் எந்தப் பகுதியும் நடைபாதையின் மேல் நீட்டக் கூடாது. மாநிலச் சட்டம் 22500(எஃப்) இதைத் தடுக்கிறது. டிரெய்லரின் சக்கரம் உள்ளே இருந்தாலும் இணைப்புக் கம்பி நடைபாதைக்கு வந்துவிட்டால் மீறல்தான். சக்கர நாற்காலியில் வருபவர் அந்தக் கம்பியைச் சுற்றிக்கொள்ளத் தெருவில் இறங்க வேண்டியிருக்கும். ஆகவே கராஜ் கதவிலிருந்து நடைபாதையின் உள்விளிம்பு வரை அளந்து, இரண்டாம் படியில் குறித்த நீளத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ஜோனிங். முன்புறத்தில் நிறுத்தலாமா, காங்கிரீட் அல்லது கல் பாவிய தரை வேண்டுமா, பக்கவாட்டில் வேலிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள்.

குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதி தனி. நகரம் அனுமதித்தாலும் சங்கம் மறுக்கலாம். சங்கம் அனுமதித்துவிட்டது என்பதற்காக நகரம் விட்டுக்கொடுக்காது. வாய்மொழியாகத் தலைவர் சொன்ன சம்மதத்தை நம்ப வேண்டாம், மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தேர்தலில் தலைவர் மாறிவிடுவார். அபராதம் விதிக்கும் முன் சங்கம் குறைந்தது 10 நாள் முன்னறிவிப்போடு உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆனால் நுழைவாயிலில் 17க்கு 22 அங்குலம் அளவில் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால், சங்கத்தின் தனியார் சாலையிலிருந்து வண்டியை இழுத்துச் செல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது.

7. அனுமதியை வண்டி வருவதற்கு முன் வாங்குங்கள்

சாமான் ஏற்றி இறக்கவும், விருந்தினர் வண்டிக்கும் தற்காலிக அனுமதி தரும் நகரங்கள் பல. வழக்கமாக 24 மணி நேரம் ஓர் அலகு. தொடர்ந்து எத்தனை, ஆண்டுக்கு எத்தனை என்ற உச்சவரம்பும் இருக்கும். விண்ணப்பத்தில் வண்டி எண் கேட்பார்கள். வாடகை வண்டியின் எண் எடுக்கும் நாளில்தான் தெரியும் என்பதால், முன்கூட்டியே கணக்கைத் திறந்து முகவரியைப் பதிந்துவைத்துவிட்டு, வண்டி கையில் வந்ததும் எண்ணை மட்டும் சேருங்கள்.

அனுமதி எதற்கு என்பதைப் படியுங்கள். அதிகாலைத் தடையிலிருந்து விலக்கு கிடைத்தாலும், தெரு சுத்தம் செய்யும் நாளுக்கும், நிறுத்தக் கூடாது என்று சிவப்பு வண்ணம் பூசிய நடைபாதை விளிம்புக்கும் அது செல்லாது. வண்டியில் படுத்து உறங்கவும் பெரும்பாலும் அது அனுமதி ஆகாது.

அனுமதி கிடைக்காத ஊர் என்றால் வாடகை நிறுவனத்தின் வாகனத் திடலிலேயே சாமானை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சொந்த வண்டிக்கு மாத வாடகைச் சேமிப்பிடம்தான் வழி. வாங்கும் முன்பே அதன் செலவைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் ஊர்களும் உண்டு.

8. நிறுத்தும் வேளையில்

நிறுத்தியவுடன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அருகில் உள்ள பலகை, விளிம்பின் நிறம், சந்திப்பு வரையிலான இடைவெளி ஆகியவை படத்தில் தெரிய வேண்டும். தெருவின் இரு முனைகளையும் எடுங்கள். பலகை இல்லை என்பதைப் பிறகு நிரூபிக்க வேறு வழி கிடையாது.

சரிவான தெருவில் சக்கரத்தை விளிம்புக்குத் திருப்பியோ கட்டை வைத்தோ நிறுத்துங்கள். வண்டியின் பக்கத்தில் வெளியே தள்ளி விரியும் நீட்டறையையும் வெயில் மறைப்பையும் தெருவில் விரிக்காதீர்கள். வீட்டிலிருந்து மின்கம்பியை நடைபாதை குறுக்கே இழுப்பதைப் பல நகரங்கள் தடுக்கின்றன. யாராவது இடறி விழுந்தால் பொறுப்பும் உங்களுடையது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள். வெள்ளி மாலை முதல் சனி காலை வரைதான் என்று தெரிந்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள். இத்தகைய டிக்கெட்டுகளில் கணிசமானவை யாரோ தொலைபேசியில் சொன்ன புகாரிலிருந்து வருபவை.

நெடும்பயணத்தில் இரவுத் தங்கலுக்கு நகரத் தெருவை நம்பாதீர்கள். கலிஃபோர்னியாவின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் வரை நிற்கலாம். கூடாரம் அடிக்க முடியாது. வால்மார்ட் வாகனத் திடல்கள் கடைக்குக் கடை மாறும். அந்தக் கடையின் மேலாளரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள்.

9. டிக்கெட் வந்தால், வண்டியை இழுத்துச் சென்றால்

முதலில் டிக்கெட்டில் எழுதியிருக்கும் சட்டப் பிரிவு எண்ணைப் பாருங்கள். அந்தப் பிரிவைத் திறந்து, உங்கள் அளவுகளோடும் படங்களோடும் ஒப்பிடுங்கள். "சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன், ஊருக்குப் புதிது" என்ற வேண்டுகோள்கள் அரிதாகவே எடுபடும். பலகை மறைந்திருந்தது, பிரிவு தவறு, அளவு வரம்புக்குள் இருக்கிறது, அனுமதி செல்லுபடியானது என்ற வாதங்கள் நிற்கும்.

கெடு தேதிகள் கண்டிப்பானவை. டிக்கெட் கொடுத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் முதல் மறுஆய்வு கேட்க வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. அதன் முடிவு அஞ்சலில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் நிர்வாக விசாரணை கேட்கலாம். அதற்கு முன் அபராதத் தொகையைக் கட்டி வைக்க வேண்டும். கட்ட வசதியில்லாதவர்களுக்கு விலக்கு உண்டு. அதிலும் தோற்றால் 30 நாளுக்குள் 25 டாலர் கட்டணத்துடன் கவுன்டியின் சுப்பீரியர் கோர்ட் எனும் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

வாடகை வண்டியாக இருந்தால் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் டிக்கெட் உங்களிடம் வரத் தாமதமாகும். மேலே கையாள்கைக் கட்டணமும் சேரும். ஆகவே கண்ணாடியில் டிக்கெட்டைப் பார்த்த அன்றே நிறுவனத்துக்குத் தெரிவித்து, நீங்களே எதிர்க்கலாமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காவல்துறையோ நகரமோ வண்டியை இழுத்துச் சென்றுவிட்டால் வேகம் முக்கியம். இழுத்துச் சென்ற வண்டியை வைத்திருப்பதற்கான சேமிப்புக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். அறிவிப்பில் உள்ள தேதியிலிருந்து 10 நாளுக்குள், இழுத்துச் சென்றது சரியா என்று பார்க்கும் சேமிப்பு விசாரணை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் வார இறுதியும் விடுமுறையும் நீங்கலாக 48 மணி நேரத்துக்குள் அதை நடத்த வேண்டும். ஆனால் விசாரணை முடியட்டும் என்று வண்டியை அங்கேயே விடாதீர்கள். பணம் கட்டி முதலில் வெளியே எடுங்கள். இழுத்துச் சென்றது தவறு என்று தீர்ப்பானால் செலவைத் திரும்பப் பெறலாம். உடனே கட்ட முடியாதவர்கள் வண்டிக்குள் இருக்கும் மருந்து, கடவுச்சீட்டு, குழந்தைகளின் பொருள்களையாவது அன்றே எடுத்துவிடுங்கள். வேலை நேரத்தில் போனால் சொந்தப் பொருள்களைக் கொடுக்க வண்டியை வைத்திருக்கும் இழுவை நிறுவனம் கட்டணம் வாங்கக் கூடாது.